இண்டிபேரு

1

என் மகள் இந்த ஊர்ப் பல் ஆஸ்பத்திரியின் சாவியை வாங்கி நேற்றோடு ஒரு வருஷம். கேக் வாங்கலாம் என்று பேத்தி மேகனாவை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கோதுமை விவசாயம் செய்கிற ஒரு வெள்ளைக்காரக் கிழவர், ஆறடிக்கு மேல் இருப்பார், தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“நீங்கள் டாக்டர் சின்னியின் அப்பாதானே?”

ஆமாம் என்றேன். உடனே வாயைத் திறந்து புதிதாகக் கட்டின பல்லைக் காட்டினார். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ரொட்டி அடுக்கியிருந்த இடத்திலேயே நின்று பார்த்தேன். கடித்துக் காட்டச் சொன்னேன். காட்டினார். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் உட்கார வேண்டிய மாதிரி உட்கார்ந்தன. பேத்திக்கு வெட்கம் தாங்கவில்லை, பால் இருக்கிற பக்கம் ஓடிவிட்டாள்.

சின்னி என்கிற அந்தப் பேரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஊரில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பக் காகிதம் சேர்த்துக்கொண்டிருக்கிறவர்கள் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சித்தூருக்குப் பக்கத்தில் கங்காதர நெல்லூர், அதை ஒட்டின காலனி எங்களுடையது. கையளவு நிலம் கிடையாது. என் நைனா கரும்பு வெட்டப் போனவர். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் தமிழில். வேலூரில் பல் செட் செய்கிற கடையில் மெழுகு உருக்கி, பிளாஸ்டர் கலக்கி, பத்து வருஷத்தில் தொழிலைப் பிடித்தேன். அப்புறம் சித்தூர் கோர்ட்டுக்கு எதிர்த் தெருவில் சொந்தக் கடை. டாக்டர்கள் வாயில் அளவு எடுத்து அனுப்புவார்கள், நான் செட் செய்து கொடுப்பேன். சித்தூர் கோர்ட்டில் வாதாடின வக்கீல்களில் பாதிப் பேர் என் பல்லை வைத்துத்தான் வாதாடினார்கள். மற்ற பாதிப் பேர் தோற்றார்கள்.

2

இங்கே என் நாள் எப்படிப் போகிறது என்று ஊரில் கேட்கிறார்கள். கனடாவின் நடுவில், கண்ணுக்கு எட்டின வரை வயலாக இருக்கிற இடத்தில் ஒரு சின்ன ஊர். மருமகன் பாலாஜிக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. நான் காலையில் எழுந்து வாசலில் பனி தள்ளுவேன். இந்தத் தெருவில் எழுபது வயதுக்கு மேல் தானே பனி தள்ளுகிற ஆள் நான் ஒருத்தன்தான். எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலில் நின்று கை ஆட்டுவார். வந்த புதிதில் அவரிடம், “நாற்பது வருஷம் பல் கட்டினேன்” என்பதை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் என்னைக் கொத்தனார் என்று நினைத்து, தன் வீட்டுச் சுவரில் விரிசல் விட்டிருப்பதைக் காட்டினார். நான் அதையும் பூசிக் கொடுத்தேன். பிளாஸ்டர்தானே, வாயில் வைத்தால் என்ன, சுவரில் வைத்தால் என்ன.

மேகனாவுக்கு முதல் பால்பல் விழுந்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் என்ன செய்வோம்? சாணியில் உருட்டிக் கூரை மேல் எறிவோம். இங்கே சாணிக்கு எங்கே போவது? ரொட்டி மாவில் உருட்டி, பனி மூடின கூரை மேல் எறிந்தேன். குறி தப்பவில்லை, அந்த வயதிலும். குழந்தை அழுத அழுகை! தலையணைக்கு அடியில் வைத்தால் தேவதை வந்து காசு வைத்துவிட்டுப் போகுமாம். கூரையில் கிடந்தால் தேவதைக்கு எப்படித் தெரியும்?

“தாத்தா, உங்க ஊர் தேவதை கூரைக்கு வரும். எங்க ஊர் தேவதை பெட்டுக்குத்தான் வரும்” என்றாள், அரைத் தமிழில்.

உங்க ஊர், எங்க ஊர். நான் ஏணி வைத்துக் கூரையில் ஏறினேன். பல் கிடைக்கவில்லை. கடைசியில் அக்ரிலிக் பல் ஒன்றை என் பழைய பெட்டியிலிருந்து எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன். தேவதை ஏமாந்தது. என் வேலையைப் பார்த்து டாக்டர்களே ஏமாந்திருக்கிறார்கள்.

3

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் சித்தூரில் கடை போட்ட வருஷம் கடைக்குத் தெலுங்கில் போர்டு எழுதினேன், ‘இக்கட பன்னு கட்டபடுனு’ என்று. இங்கே பல் கட்டப்படும் என்று அர்த்தம். தெலுங்கில் பன்னு என்றால் பல். வரிக்கும் அதே பேர்தான். திறந்த முதல் நாள் காலையில் ஒரு பெரியவர் வீட்டு வரி ரசீதோடு வந்து நின்றார். நான் அவர் வாயைத் திறக்கச் சொன்னேன். அவர், “வரி கட்டறதுக்கு வாய எதுக்குய்யா தொறக்கணும்?” என்று சண்டைக்கு வந்தார். இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சித்தூர் முழுக்கச் சிரிக்க வைத்தேன். தெலுங்கு என் சட்டைப்பையில் இருக்கிறது என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன்.

அதே வருஷம் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தேன். வெங்கடரமணய்யா என்று ஒரு வாத்தியார், மூக்குக் கண்ணாடி போட்டவர், பெரிய ரிஜிஸ்டரை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

“பாப்ப பேரு ஏமண்டி?”

“செல்வராணி.”

“இண்டிபேரு?”

இண்டி என்றால் வீடு. பேரு என்றால் பேர். வீட்டில் கூப்பிடுகிற பேரைக் கேட்கிறார் என்று நினைத்தேன். நல்ல வாத்தியார், குழந்தையை ஆசையாகக் கூப்பிடக் கேட்கிறார் என்றுகூட நினைத்தேன்.

“சின்னி.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். சின்னி என்கிற குடும்பப் பேர் தெலுங்கர்களிடம் உண்டு, அதனால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன். சின்னி செல்வராணி. வீட்டுப் பேர் முன்னால், வைத்த பேர் பின்னால்.

ஒரு வாரம் கழித்து, கடைக்கு வந்த ஒரு ரெட்டியார் பேச்சுவாக்கில், “மீ இண்டிபேரு ஏமி?” என்று என்னைக் கேட்டு, பிறகு அவரே, “ஓ, மீ தமிழருக்கு வம்சப் பேரு இருக்காது இல்ல?” என்றார். இண்டிபேரு என்றால் வம்சப் பேர் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்போதே பள்ளிக்கூடத்துக்கு ஓடி மாற்றியிருக்கலாம். பத்து நிமிஷ வேலை. ஆனால் போர்டுக் கதை சொல்லி ஊரைச் சிரிக்க வைத்தவன் நான். என்னைப் பார்த்து ஊர் சிரிக்குமே.

மார்க் ஷீட்டில் பேரைப் பார்த்துவிட்டு என் மனைவி சரோஜா கேட்டாள்: “இன்னாய்யா இது, சின்னின்னு போட்டுக்கீது?”

“வாத்தியாரு தப்பா எழுதிட்டாரு. அவருக்குக் காது கேக்காது.”

அன்றிலிருந்து அதுவே கதையாகிவிட்டது. செவிட்டு வாத்தியார் கதை. அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். அவர் செத்து வெகுகாலமாகிறது. எத்தனை பேரிடம் அந்தக் கதையைச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

4

தொண்ணூறுகளில் தெருமுனைக்கு ஒரு எஸ்டிடி பூத் வந்தது. அமெரிக்காவுக்குப் போனவர்களின் வீடுகளில் மாடி ஏறியது. தனியார் பல் காலேஜ்கள் மழைக்குக் காளான் முளைத்த மாதிரி வந்தன. நான் செட் செய்துதந்த டாக்டர்கள் என்னை வாசலில்தான் நிற்க வைப்பார்கள். என் மகள் உள்ளே நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று வைராக்கியம். திருப்பதியில் ஒரு காலேஜில் சேர்த்தேன். யாருடைய சிபாரிசும் இல்லை, சொந்தச் சம்பாத்தியம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் மனசு இனிக்கிறது. சரோஜா விடிவதற்குள் ராகி சங்கட்டி, களியைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம், கிண்டி, நாட்டுக்கோழிக் குழம்பும் வேர்க்கடலைச் சட்னியும் தூக்கில் அடுக்குவாள். சித்தூரில் பஸ் ஏறினால் வழியெல்லாம் மாந்தோப்பு. ஜன்னல் ஓரத்தில் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், பஸ்ஸே குழம்பு வாசனை அடிக்கும். ஹாஸ்டல் அறையில் ஆறு பெண்கள். ஆறு பேரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நாளைக்கு டாக்டராகப் போகிற ஆறு பேர் விரலைச் சூப்புவதைப் பார்த்துக்கொண்டு நான் வாசற்படியில் உட்கார்ந்திருப்பேன். அவர்கள் மெழுகில் செதுக்கின பல்லை என்னிடம் காட்டுவார்கள். நான் குறை சொல்வேன். என் மகள் செதுக்கினதில் மட்டும் குறை கண்டுபிடிக்கக் கஷ்டப்பட வேண்டியிருந்தது.

அவள் படித்து முடிப்பதற்குள் கடைக்கு மேலே மாடி எடுத்து, பல் நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டேன். கல்யாணம் ஆயிற்று. பாலாஜிக்குக் கனடா வந்தது. “ரெண்டே வருஷம் நைனா, வந்துடறேன்” என்றாள். நாற்காலிக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்தோம். உறை மாற்றி மாற்றிப் போட்டதுதான் மிச்சம். சரோஜா கண்ணை மூடினபிறகு நானும் இங்கே வந்து சேர்ந்தேன்.

வந்து பார்த்தால், டாக்டர் வேலை செய்கிறாள் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த என் மகள், இந்த ஊர் டாக்டர் வால்ட்டருக்குப் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சுகிற குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நம் பட்டம் இங்கே செல்லாது, திரும்பப் பரீட்சை எழுத வேண்டும். குழந்தை, குடும்பம் என்று வருஷம் ஓடிவிட்டது. வால்ட்டருக்கு என் வயசு. அவரை விட்டால் சுற்று வட்டாரத்தில் பல் டாக்டர் இல்லை, இரண்டு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். பல் டாக்டர் இல்லை என்று ஜனங்கள் புலம்புகிறார்கள். பல் டாக்டரோ குழாயைப் பிடித்துக்கொண்டு அவர்கள் முன்னாலேயே நிற்கிறாள்.

வால்ட்டர் ஒரு நாள் சொன்னார்: கோடை வரை பார்ப்பேன், நீ பாஸ் செய்தால் சாவி உனக்கு, இல்லையென்றால் பூட்டிவிடுவேன். அவள் மனுப் போட்டாள். பதில் வந்தது. பட்டத்தில் சின்னி செல்வராணி, பாஸ்போர்ட்டில் முனுசாமி செல்வராணி. இரண்டும் ஒரே ஆள்தானா? பாஸ்போர்ட் எடுத்த திருப்பதி ஏஜென்ட் என் பேரை வம்சப் பேராகப் போட்டுவிட்டான், அது வேறு. காலேஜ் கடிதம், பள்ளிக்கூட ரிஜிஸ்டரின் நகல், இந்தப் பேர் எப்படி வந்தது என்று பெற்றவர் எழுதிக் கொடுக்கும் பிரமாணப் பத்திரம், மூன்றும் தொண்ணூறு நாளில் வேண்டும்.

“அந்த செவிட்டு வாத்தியாரால இன்னா பாடு பாரு நைனா” என்றாள் மகள்.

“நான் போயி வாங்கியாரேன்” என்றேன்.

விமானத்தில் உட்கார்ந்த பிறகு என் மனசு வேறு கணக்குப் போட்டது. காகிதம் கிடைக்காவிட்டால்? குழாய் பிடித்து அலுத்துப்போய் ஊருக்கு வந்துவிடுவாள். மாடி இருக்கிறது. நாற்காலி இருக்கிறது.

5

சித்தூரில் இறங்கி, கங்காதர நெல்லூரில் இருக்கிற என் அக்கா கன்னியம்மாளைப் பார்க்கப் போனேன். கன்னம் கொய்யாப்பழம் மாதிரி வீங்கி, துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“எத்தினி நாளாக்கா?”

“ஆச்சி ஒரு வாரம். லவங்கம் வச்சிக்கினு கீறேன்.”

“டவுனுக்குப் போறதுதானே? தெருவுக்கு ஒரு போர்டு கீதே.”

“டவுன்ல கீது. இங்க கீதா? நூறு நாள் வேலைய உட்டுட்டு, பஸ்ஸு புடிச்சி, டோக்கன் வாங்கி, நாளைக்கு வான்னுவான். ஒம் பொண்ணுக்கு மாடி கட்டி வச்சியே, அது இன்னாச்சி? புறா குடும்பம் நடத்துதா?”

அவளை அழைத்துக்கொண்டு திருப்பதிக்குக் கார் வைத்தேன். எப்படியும் காலேஜ் கடிதம் வாங்க வேண்டும். அந்த ஆறு பெண்களில் பாவனா என்கிற பெண் திருப்பதியில் கிளினிக் வைத்திருக்கிறாள். மற்ற நான்கு பேரில் மூன்று பேர் வெளிநாடு. ஒருத்தி சென்னையில் ஆஸ்பத்திரி பில்களுக்குக் கம்ப்யூட்டரில் நம்பர் போடுகிற வேலை பார்க்கிறாள், பல் டாக்டர் படிப்பு படித்துவிட்டு.

பாவனா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, “அங்கிள், சங்கட்டி எக்கட?” என்றாள். அக்காவை உட்கார வைத்து ஊசி போட்டு, வலிக்காமல் பல்லை எடுத்தாள். காலேஜில் பேசி அன்றைக்கே கடிதமும் வாங்கித் தந்தாள்.

“நீயாவது கிராமத்துப் பக்கம் வாரத்துல ரெண்டு நாள் உக்காரக் கூடாதாம்மா?” என்று கேட்டேன்.

“எட்லா அங்கிள்? இங்கயே நாள் பூரா ரெண்டு பேஷண்ட், ஒரே வீதியில ஏழு போர்டு. வில்லேஜ்ல உக்காந்தா கரண்டு பில்லே வராது. நானும் ஆஸ்திரேலியா பரீட்ச எழுதிட்டேன். வச்ச மாசம் பிரயாணம்.” வச்ச மாசம் என்றால் வருகிற மாதம்.

வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்த அக்கா, பஞ்சை எடுத்துவிட்டுச் சொன்னாள்: “பல்லப் புடுங்கறவங்களயெல்லாம் யாரோ புடுங்கிக்கினு போறாங்கடா முனுசாமி.”

பாவனா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிளம்பும்போது அவள் என்னோடு வாசல் வரை வந்தாள்.

“அங்கிள், ஒண்ணு செப்பனா? எங்க ஆறு பேர்ல சின்னி கைதான் கை. தெலுசா? பல்லு எடுக்கறப்போ பேஷண்ட் பேசிக்கினே இருப்பான், எடுத்தது தெரியாது. அந்தக் கையால இன்னும் பைப் புடிச்சிக்கினு கீதுன்னு கேக்கறப்போ எனக்குத் தாங்கல.”

கை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் மெழுகைத் தொடாமல் இருந்தபோது என் விரல் என் பேச்சைக் கேட்கவில்லை. காரில் வரும்போதெல்லாம் என் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடம். தலைமையாசிரியை சின்ன வயது. மழையில் ரிஜிஸ்டர் வைத்திருந்த அறை ஒழுகி, பழைய ரிஜிஸ்டர்கள் பாதி நாசம் என்றார்.

“லேது அண்ட்டே லேதனி ராசி இச்சேஸ்தானு” என்றார். இல்லை என்றால் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடுகிறாராம்.

நான் ஆசைப்பட்டது தட்டில் வந்து நின்றது. இல்லை என்ற கடிதத்தைக் கொண்டுபோய் மகளிடம் நீட்டினால் என் மேல் ஒரு குற்றமும் இல்லை. மழை செய்த குற்றம். செவிட்டு வாத்தியாரும் அப்படியே இருப்பார். “சரிங்க மேடம்” என்று வாய் வரை வந்துவிட்டது.

“நானே தேடறேன் மேடம்” என்றேன்.

தரையில் உட்கார்ந்து மத்தியானம் வரை புரட்டினேன். ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிரிக்க என் தொழில் கத்திதான் உதவியது. வேறு எவனாலும் கிழிக்காமல் பிரித்திருக்க முடியாது. கிடைத்தது. தலைமையாசிரியை குனிந்து வாசித்தார். பேர், இண்டிபேரு, கீழே என் கோணல் கையெழுத்து. ஓரத்தில் வெங்கடரமணய்யாவின் முத்து முத்தான எழுத்தில் இரண்டு வார்த்தை: ‘தண்ட்ரி செப்பினட்லு’. தகப்பன் சொன்னபடி. தமிழ்க் குடும்பத்துக்கு இந்தப் பேர் எப்படி என்று மனுஷனுக்கு ஒரு சின்ன உறுத்தல் இருந்திருக்கிறது. எழுதி வைத்துவிட்டார்.

“மீரே செப்பாரு கதண்டி!” என்றார் அந்த அம்மாள். நீங்களே சொன்னதுதானே!

“ஆமாம்மா. நானே சொன்னதுதான்.” வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னேன்.

பிரமாணப் பத்திரத்துக்குக் கோர்ட்டு வாசலில் ஒரு நோட்டரி வக்கீல். என் செட்டைப் போட்டிருக்கிறவர்தான். டைப் அடித்ததை உரக்கப் படித்தார்: “இண்டிபேரு என்ற சொல்லுக்கு அர்த்தம் அறியாமையால்...”

“அறியாமன்னு போட்டே ஆவணுமா சார்?”

“வேற இன்னா போடறது மேஸ்திரி? அறிஞ்சேதான் சொன்னேன்னு போடட்டுமா? அப்போ ஏமாத்துன்னு ஆயிடும்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குத் தெரிந்த முகங்கள். போர்டுக் கதையைக் கேட்டுச் சிரித்தவர்களில் இரண்டு பேர்கூட இருந்தார்கள். நான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

6

திரும்பி வந்த அன்று பெட்டியைக்கூடத் திறக்காமல் மூன்று காகிதங்களையும் சாப்பாட்டு மேஜை மேல் வைத்தேன். மகள் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். காலேஜ் கடிதத்தைப் பார்த்தாள். ரிஜிஸ்டர் நகலைப் பார்த்தாள். பிரமாணப் பத்திரத்தை நின்றபடியே கடைசி வரி வரைக்கும் படித்தாள். அப்புறம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“வாத்தியாருக்குக் காது நல்லாவே கேட்டுதா நைனா?”

“நல்லாவே கேட்டுதும்மா.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது. அவகிட்டயும் அந்தக் கதயத்தான் சொன்னேன்.”

சமையலறையில் குக்கர் சத்தம் போட்டது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒரு கையெழுத்தில் அவளுடைய எத்தனை வருஷம்!

“ரிஜிஸ்டர் கெடைக்கலன்னு சொல்லியிருக்கலாமே நைனா. ஸ்கூல்ல பாதி நாசமாப் போச்சின்னு நீயே போன்ல சொன்னே. நான் நம்பியிருப்பேன்.”

“நம்பியிருப்பே.”

“அப்பறம் ஏன் தேடினே?”

மேஜை மேல் இருந்த அவள் கையைப் பார்த்தேன். நாள் முழுக்கக் கையுறைக்குள் இருந்து, வெள்ளையாகச் சுருங்கிப்போயிருந்தது.

“நைனா, இது சரியாயிட்டா நான் பாஸ் பண்ணிடுவேன். வால்ட்டர் சாவி குடுத்துடுவாரு. அதுக்கப்பறம் நான் சித்தூருக்கு வரமாட்டேன். லீவுக்கு வருவேன், போவேன். மாடிக்கு வரமாட்டேன். அது தெரியும் இல்ல உனக்கு?”

“தெரியும்.”

“தெரிஞ்சா கையெழுத்துப் போட்டே?”

“அன்னிக்கு ரிஜிஸ்டர்ல தெரியாமப் போட்டேன். இது தெரிஞ்சி போட்டதும்மா.”

அவள் எழுந்து, அந்தப் பிரமாணப் பத்திரத்தை ஸ்கேனர் கண்ணாடி மேல் குப்புற வைத்து, கோணலாக இருந்ததை ஒரு விரலால் நேராக்கி, மூடியை மூடினாள்.